‘ஃபெம் ஃபட்டால்’ பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பார்வையாளர்களுக்கு,

வணக்கம். பிரையன் டி பால்மா எழுதி இயக்கி 2002-ல் வெளிவந்த ‘ஃபெம் ஃபட்டால்’ படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி நாலு பேரிடம் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சுகள் அத்தனையையும் கீழே அவிழ்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

இந்தப் படத்தைப் பற்றிய கருத்துகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். நடுவாந்தரமான கருத்து அபூர்வம். உடம்பைக் காட்டி ஒப்பேற்றிவிட்டார்கள், கதையே கிடையாது என்று ஒரு பக்கம். எல்லாம் கனவு என்று கடைசியில் சொல்லி இரண்டு மணி நேரத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று இன்னொரு பக்கம். இந்த இயக்குநரின் மிகச் சிறந்த படம் இதுதான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழில்முறை விமர்சகர்கள்கூட இப்படித்தான் பிரிந்து நின்றார்கள். பலர் ஒதுக்கித் தள்ளிய படத்துக்கு ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம், அதாவது முழு மதிப்பெண், கொடுத்தார். சுமார் 3.5 கோடி டாலரில் எடுத்த படம் திரையரங்குகளில் அதில் பாதியைத்தான் திருப்பி எடுத்தது. பிடிக்காதவர்கள் அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் இந்தப் படத்தைப் பற்றி வரும் கருத்துகளில் பாதி, படத்தில் இருப்பதைப் பற்றியே இல்லை. நல்லது சொல்கிறவர்களும் சரி, கெட்டது சொல்கிறவர்களும் சரி, எதைப் பார்த்தோம் என்று சொல்வதில்லை. இது என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தடவை நான் இதைப் பார்த்தது ஒரு தொலைக்காட்சியில், நள்ளிரவு தாண்டி. வைரம் திருடப் போகிறார்கள் என்று தெரிந்தது. கதாநாயகி குளியலறைப் பக்கம் போகிறாள். சட்டென்று ஒரு தாவல். அடுத்த நொடியில் துப்பாக்கிச் சத்தம், ஓட்டம், ரத்தம். வைரம் எப்போது கை மாறியது, யார் யாரை ஏமாற்றினார்கள், எதுவும் புரியவில்லை. அதற்கப்புறம் வந்த பகுதியிலும் அங்கங்கே இப்படித் தாவியது. கடைசியில் கனவு என்றதும் கோபத்தோடு அணைத்துவிட்டுப் படுத்தேன். தலையும் இல்லை வாலும் இல்லை, பார்க்காதீர்கள் என்று குறைந்தது பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவர்களும் நம்பினார்கள், பார்க்கவில்லை. நான் பார்த்தது வெட்டுப்பட்ட பிரதி என்ற எண்ணம்கூட எனக்கு அப்போது வரவில்லை. படம்தான் மோசம் என்று இருந்துவிட்டேன். பல வருடம் கழித்து முழுப் படமும் வட்டில் கிடைத்தது. பார்த்து முடித்த அன்று தூக்கம் வரவில்லை.

அந்தக் குளியலறைக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தின் மேல் வரும் பெரிய குற்றச்சாட்டே அதைப் பற்றியதுதான்.

கான் திரைப்பட விழா. சிவப்புக் கம்பளம். உள்ளே ரெஜி வார்னியேவின் ‘ஈஸ்ட் வெஸ்ட்’ படம் திரையிடப்படப் போகிறது. அது 1999-ல் வந்த நிஜமான படம். வார்னியேவும் அதில் நடித்த சாந்த்ரீன் பொன்னேரும் தாங்களாகவே வந்து போகிறார்கள். வார்னியேவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் வெரோனிகா மேலுடம்பில் அணிந்திருப்பது பாம்பு போலச் சுற்றிக்கொண்ட ஒரு தங்க வைர நகை. துணி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, நகைதான் மேலாடை. புகைப்படக்காரி வேடத்தில் அவளைத் தொடர்ந்து குளியலறைக்குள் போகிறாள் கதாநாயகி லோர். இரண்டு பெண்களும் நெருங்குகிறார்கள். நகையின் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுகின்றன. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டாளியின் கை வந்து அசலை எடுத்துக்கொண்டு போலியை வைக்கிறது.

பேச்சு மிகக் குறைவு. பின்னால் ரையுச்சி சகமோட்டோவின் இசை மட்டும் ஓடுகிறது. 1928-ல் ராவெல் எழுதிய ‘பொலேரோ’வைக் கேட்டவர்களுக்கு அது என்ன சாயலில் அமைக்கப்பட்டது என்று உடனே தெரியும். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கருவி சேர்ந்து, மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். திருட்டின் படபடப்பையும் உடலின் படபடப்பையும் சகமோட்டோ ஒரே தாளத்தில் கட்டிவிட்டார். எது எதற்கான இசை என்று பிரிக்கவே முடியாது.

இப்போது சொல்லுங்கள், இந்தக் காட்சியில் காமத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் என்ன மிஞ்சும்? நான் பார்த்த அந்தத் தாவல்தான் மிஞ்சும். நகை கழல்வதுதான் ஆடை கழல்வது, ஆடை கழல்வதுதான் திருட்டு. கண்கட்டு வித்தைக்காரன் ஒரு கையைத் தூக்கிக் காட்டும்போது இன்னொரு கை வேலை செய்யுமே, அந்த ஏற்பாடுதான் இது. காவலாளி வெளியே நிற்கிறான். நம் கண் இரண்டு பெண்கள் மேல் இருக்கிறது. வைரம் தரையோடு போய்க்கொண்டிருக்கிறது. கவர்ச்சிக் காட்சி கதைக்குத் தேவையே இல்லாமல் செருகப்பட்டது என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் காட்சியில் நகையின் எத்தனை துண்டு கீழே விழுந்தது என்று கவனித்தீர்களா? நான் முழுப் படத்தை முதலில் பார்த்தபோது கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை, பெண்களின் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காட்சி எவ்வளவு கச்சிதமாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அதோடு முடியவில்லை. படத்தின் கடைசியில், ஏழு வருடம் கழித்து, பாரிஸில் ஒரு காபிக்கடைக்கு வெளியே லோரைச் சந்திக்க வருகிறாள் அதே வெரோனிகா. இரண்டு பேரும் முதலிலிருந்தே கூட்டு! அப்படியென்றால் குளியலறையில் யாரும் யாரையும் மயக்கவில்லை. அந்த மயக்கம் முழுக்க நடிப்பு. யாருக்காக நடித்தார்கள்? கூட்டாளி ராசீனுக்காகவும், கூட்டத்தின் தலைவன் பிளாக் டைக்காகவும். அப்புறம் நமக்காகவும். அவர்கள் ஏமாந்த மாதிரியேதான் நாமும் ஏமாந்தோம். நாம் கிளுகிளுப்பு என்று நினைத்து வாயைப் பிளந்து பார்த்தது, இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட திட்டம். இது தெரிந்த பிறகும் ஒருவர் அந்தக் காட்சியை வெறும் சதை வியாபாரம் என்று சொன்னால் அவரோடு வாதாடத் தயாராக இருக்கிறேன். ஆனால் கருத்துகளில் இந்த விஷயத்தைத் தொட்டவர்களைக் காண்பதே அரிது.

சரி, கனவுக்கு வருகிறேன். அதிகமான கோபம் அங்கேதான்.

லோர் கூட்டாளிகளை ஏமாற்றிவிட்டு வைரத்தோடு பாரிஸுக்குத் தப்பி வருகிறாள். தங்கள் காணாமல் போன மகள் லில்லி இவள்தான் என்று ஒரு வயதான தம்பதி நினைத்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். குளியல் தொட்டியில் படுத்தபடி கண் அசருகிறாள். அதற்கப்புறம் வரும் பெரும்பகுதி, லில்லி தற்கொலை செய்துகொள்வதை அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது, லில்லியின் கடவுச்சீட்டில் அமெரிக்கா போவது, ஏழு வருடம் கழித்து தூதரின் மனைவியாகப் பாரிஸ் திரும்புவது, புகைப்படக்காரன் நிக்கோலஸ் பார்டோவை வலையில் சிக்க வைப்பது, கடைசியில் ஆற்றில் வீசப்படுவது எல்லாமே அந்தத் தொட்டியில் கண்ட கனவு. ஆற்றுக்குள் மூழ்குகிறவள் தொட்டிக்குள்ளிருந்து எழுகிறாள்.

இதை ஏமாற்று வேலை என்கிறீர்கள். படம் தன் கையில் இருந்த சீட்டுகளையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே நமக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. கனவுப் பகுதியில் கடிகாரங்களைப் பாருங்கள். மணி 3:33 என்றே நிற்கும். மீன்தொட்டியிலிருந்து தண்ணீர் நிரம்பி வழியும். சுவரொட்டிகளில் தண்ணீரில் மிதக்கும் ஒஃபேலியாவின் ஓவியம் இருக்கும். ஒஃபேலியா, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகும் பெண். அவளை ஆங்கில ஓவியர் மில்லே வரையும்போது, மாடலாக வந்த பெண்ணைக் குளியல் தொட்டியில்தான் படுக்க வைத்து வரைந்தார். இத்தனை தண்ணீரும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். புகைப்படக்காரனின் பெயரும் சும்மா வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாவுக்கும் அடுத்த பிறவிக்கும் நடுவே இருக்கும் நிலையைத் திபெத்திய பௌத்தத்தில் பார்டோ என்பார்கள்.

இவையெல்லாம் புதிர் விரும்பிகளுக்கான துணுக்குகள் என்று வைத்துக்கொண்டாலும் சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. படத்தின் முதல் ஷாட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஹோட்டல் அறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. அதில் ஓடுவது பில்லி வைல்டரின் 1944-ம் வருடப் படம் ‘டபுள் இன்டெம்னிட்டி’. பார்பரா ஸ்டான்விக் அதில் கணவனைக் கொல்லத் திட்டமிடும் மனைவி. அந்தத் திரையின் கண்ணாடியில் படுக்கையில் கிடக்கும் லோரின் நிழல் தெரிகிறது. பழைய படத்தின் வஞ்சகியும் இன்றைய லோரும் ஒரே கண்ணாடியில், ஒன்றின் மேல் ஒன்றாக.

ஸ்டான்விக்கின் காலத்தில் ஹாலிவுட்டில், திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொன்ன ஹேய்ஸ் விதிமுறை நடப்பில் இருந்தது. 1934 முதல் கண்டிப்பாக அமலாகி, 1968-ல் தர முத்திரை முறை வரும்வரை அது ஓடியது. குற்றம் செய்தவர் படம் முடிவதற்குள் தண்டனை அனுபவித்தே ஆக வேண்டும் என்பது அதன் போக்கு. அதனால்தான் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் தந்திரக்காரப் பெண்கள் கடைசியில் குண்டடிபட்டுச் சாகிறார்கள், இல்லையென்றால் சிறைக்குப் போகிறார்கள். 1946-ல் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இந்த மாதிரிப் படங்களுக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார். ‘ஃபெம் ஃபட்டால்’ என்பதும் பிரெஞ்சுதான், ஆணை அழிவுக்கு இழுத்துப் போகும் பெண் என்று பொருள்.

இப்போது கனவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லோர் தன் கனவில் ஸ்டான்விக் மாதிரியே நடந்துகொள்கிறாள். கணவனை ஏமாற்றுகிறாள், அப்பாவி ஒருவனைச் சிக்க வைக்கிறாள், சுடுகிறாள், கடைசியில் பழைய விதிப்படியே தண்டனை பெற்று ஆற்றில் விழுகிறாள். பிறகு விழிக்கிறாள். லில்லி துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். கனவில் கதவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த லோர் இப்போது வெளியே வந்து தடுக்கிறாள். அந்த ஒரு செயலால் இரண்டு பெண்களும் பிழைக்கிறார்கள். வஞ்சகி சாக வேண்டும் என்ற அறுபது வருடப் பழக்கத்தை அந்தக் கனவுக்குள்ளேயே விட்டுவிட்டுப் படம் வெளியே நடந்து வந்துவிடுகிறது. கனவு என்ற ஏற்பாடு இல்லாமல் இதை எப்படிச் செய்திருக்க முடியும்?

கனவை வைத்துக் கதை சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ‘கனாத்திறம் உரைத்த காதை’ இருக்கிறது. கோவலனோடு ஓர் ஊருக்குப் போனதாகவும், அவன் மேல் பழி விழுந்ததாகவும், தான் அரசன் முன் வழக்குரைத்ததாகவும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்ததாகவும் கண்ணகி தேவந்தியிடம் சொல்கிறாள். மதுரையில் நடக்கப் போவது முழுக்க அதில் வந்துவிடுகிறது. முடிவை முன்னமே சொல்லிவிட்டார் என்று இளங்கோவடிகளோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. கண்ணகியின் கனா பலித்தது, லோரின் கனா அவளை மாற்றியது. கனவில் கண்டதும் ஒரு அனுபவம்தான் என்று ஒத்துக்கொள்கிற மரபிலிருந்து வருகிற நாம், வெறும் கனவு என்ற இரண்டே சொல்லில் இந்தப் படத்தைத் தூக்கிப் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஹிட்ச்காக்கைக் காப்பியடித்தார் என்ற குற்றச்சாட்டை அதிகம் இழுக்க விரும்பவில்லை. டி பால்மா தன் குருவை ஒருநாளும் மறைத்ததில்லை. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். 1958-ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில் ஒரு ஆண் தனக்குப் பிடித்த பெண்ணின் உருவத்தை இன்னொரு பெண்மேல் ஏற்றுகிறான். இங்கே ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைத் தானே எடுத்து அணிந்துகொள்கிறாள். அந்த வெர்டிகோவுக்கும் வந்த புதிதில் கலவையான வரவேற்புதான் கிடைத்தது. 2012-ல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழின் வாக்கெடுப்பில் அது உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பிடித்தது. இந்தப் படமும் ஒருநாள் அங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் வாரக் கருத்தைக் கல்வெட்டாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

அதேபோல் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து படத்தை ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் பத்துக்கு இரண்டும் மீதிப் பேர் பத்துக்கு ஒன்பதும் போட்டால் சராசரி ஐந்தரை வரும். சுமாரான படம் என்று அதில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் வெளியே தெரிவது சுமார் என்ற அந்த எண்தான். இந்த மாதிரிப் படத்துக்கு எண்ணை விட்டுவிட்டு ஆட்கள் சொல்வதைத்தான் படிக்க வேண்டும், அதனால்தான் நீங்கள் எழுதும் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு.

இதுவரை படத்துக்காகப் பேசினேன். இப்போது படத்துக்கு எதிராக நான் கேட்ட வலுவான கருத்தை இங்கே வைக்காவிட்டால் நேர்மை ஆகாது. அதைச் சொன்னது என் தோழி. பார்க்க வேண்டாம் என்று நான் தடுத்த அந்தப் பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. என் பேச்சைக் கேட்டுப் பல வருடம் பார்க்காமலே இருந்தாள். தப்புச் சொல்லிவிட்டேன் என்று நானே கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன்.

திருட்டுக் காட்சியை ரசித்தாள். ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் வரும் இடத்தில், ஒரு பாதியில் பார்டோ மாடியிலிருந்து படம் எடுப்பதும் மறு பாதியில் அவன் எடுப்பது என்ன என்பதும் சேர்ந்து வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்ப்பவனையும் பார்க்கப்படுவதையும் ஒரே நேரத்தில் காட்டும் படம் இது என்று அவளே சொன்னாள். ஆனால் மதுக்கூடத்தின் அடித்தளத்தில் லோர் முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் ஆடையைக் களைந்து ஆடும் காட்சி வந்தது. அது வன்முறையில் போய் முடிகிறது. தோழி நிறுத்தச் சொன்னாள்.

"இது முழுக்க அவளோட கனவுதானே? எந்தப் பெண் தன் கனவுல தன்னையே இந்தக் கோணத்துல பார்ப்பாள்?"

என்னிடம் பதில் இல்லை. கதைப்படி அந்த ஆட்டம் பார்டோவைத் தூண்டி வன்முறைக்குள் இழுப்பதற்கான தந்திரம், அது வரை சரி. ஆனால் கேமரா அங்கே தேவைக்கு மேல் நிற்கிறது. லோரின் கனவுக்குள் இயக்குநரின் கண் புகுந்துவிட்டது என்று தோழி சொன்னதை நான் பல நாள் யோசித்தேன், மறுக்க முடியவில்லை. 1980-ல் இவருடைய ‘டிரெஸ்டு டு கில்’ வந்தபோது பெண்கள் அமைப்புகள் தெருவில் நின்று எதிர்த்தன. அந்த எதிர்ப்புக்கான காரணங்கள் 2002-லும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. படத்தை நேசிக்கிறவர்கள், குறிப்பாக ஆண்கள், இந்தக் கருத்தைக் கேட்டவுடனே உங்களுக்குக் கலை புரியவில்லை என்று பாய்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் தோழி படத்தில் இருப்பதை என்னைவிடக் கூர்மையாகப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

நாயகியாக நடித்த ரெபெக்கா ரோமைனைப் பற்றி எழுதுவதில்தான் இரண்டு கட்சியும் ஒன்றாகத் தவறுகிறது. மாடல்தானே, நடிக்க வரவில்லை என்று ஒரு சாரார். அவருடைய உடலுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு சாரார். லோர், லில்லி என்று இரண்டு வேடம் அவருக்கு. பிரெஞ்சுக்காரி, பிரெஞ்சுக்காரியாக நடிப்பவள், அமெரிக்கத் தூதரின் மனைவி, பயந்துபோன மனைவியாக நடிப்பவள் என்று லோர் ஒருத்திக்குள்ளேயே நாலைந்து குரல் இருக்கிறது. குரலையும் உச்சரிப்பையும் மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள். கூட நடித்த அன்டோனியோ பாண்டராஸின் நடிப்பைப் பற்றி எழுதும்போது அவர் உடம்பை யாரும் அளப்பதில்லை.

இந்த வகைப் படங்களில் நடிக்கும் பெண்கள் கொடுக்கும் விலை கற்பனை இல்லை. ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ 2007-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கியது. அடுத்த வருடம் சீனாவில் தடைக்கு ஆளானது நாயகி டாங் வெய் மட்டும். அதே நெருக்கக் காட்சிகளில் அவரோடு நடித்த டோனி லியுங் வழக்கம் போல வேலை செய்துகொண்டிருந்தார். ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’டின் பெயர்பெற்ற அந்த விசாரணைக் காட்சியில் திரையில் எவ்வளவு தெரியப் போகிறது என்பதைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று ஷரன் ஸ்டோன் 2021-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். இயக்குநர் பால் வெர்ஹோவன் அதை மறுத்திருக்கிறார். படப்பிடிப்பில் நெருக்கக் காட்சிகளுக்கென்று தனியாக ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்கும் வழக்கம் 2018-க்குப் பிறகுதான் பரவலானது. 2002-ல் அப்படி ஒரு வேலையே கிடையாது. ரோமைனுக்கு இப்படி ஏதோ நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவருடைய வேலையைப் பற்றி எழுதும்போது வேலையைப் பற்றி எழுதுங்கள் என்கிறேன்.

முடிச்சை உடைக்கும் பழக்கத்தைப் பற்றியும் இரண்டு வரி. ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ 1992-ல் வெளியானபோது, தங்களை இழிவாகக் காட்டுகிறது என்று எதிர்த்த தன்பாலின ஆர்வலர்கள் கொலைகாரி யார் என்பதை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். அது ஒரு போராட்ட முறை, அவர்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது. நீங்கள் எந்தக் காரணமும் இல்லாமல் முதல் வரியிலேயே எல்லாம் கனவுதான் என்று எழுதிவிடுகிறீர்கள். இன்னொருவர் அந்தத் தொட்டியிலிருந்து லோரோடு சேர்ந்து மூச்சுத் திணறி எழும் கணம் அதோடு போய்விடுகிறது. மேலே ஒரு எச்சரிக்கை வரி போட்டுவிட்டு எழுதினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது முழுப் படமா, வெட்டியதா என்று ஒரு வார்த்தை சேருங்கள். 114 நிமிடம் ஓடும் படம் இது. உங்கள் பிரதி அதைவிடக் கணிசமாகக் குறைவாக ஓடியிருந்தால் கருத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிடித்தது என்றால் எந்த ஷாட், பிடிக்கவில்லை என்றால் எந்த இடம் என்று ஒன்றையாவது சொல்லுங்கள். மதுக்கூடக் காட்சி ஆபாசம் என்று எழுதினால் நான் அதை உட்கார்ந்து படிப்பேன், தோழி சொன்னதையும் வைத்து உங்களோடு பேசுவேன். படமே ஆபாசம் என்று எழுதினால் பேச எனக்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை.

நான் தடுத்து வைத்த பத்துப் பேரில் இதுவரை ஆறு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், முழுப் படத்தையும் பாருங்கள், அன்றைக்கு நான் சொன்னது அரைகுறையாகப் பார்த்துச் சொன்னது என்று. நான்கு பேர் பார்த்தார்கள். இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒருவர், கடைசியில் அந்த லாரி வரும் இடத்தில் லில்லியின் பதக்கத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தைத் தன்னால் நம்பவே முடியவில்லை, அவ்வளவு தற்செயல் ஒரு படத்துக்கு ஆகாது என்றார். நாங்கள் அதை வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். என் தோழி தன் கருத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். கனவில் யாருடைய கண் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதப் போவதாகச் சொன்னாள். எனக்கு முழுக்க எதிராகத்தான் இருக்கும். முதல் ஆளாக எனக்கே காட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு பார்வையாளன்